செவிக்குக் கேட்ட திமிங்கலம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கப்பல் சாலையில், அன்று காலையும் ஒரு திமிங்கலம் பேசியது. பேசியதாகச் செவி சொன்னது. சொன்ன மாத்திரத்தில், ஒரு முழுத் தெருவின் வீடுகளை முதுகில் அடுக்கியது போலப் பெட்டிகளைச் சுமந்து வந்த கப்பல்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து மாட்டு வண்டி நடைக்கு இறங்கின. கப்பல் முதலாளிகளின் வக்கீல்கள் கோப்பில் இன்னொரு தாளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

செவி என்பது கடலடியில் வரிசையாகப் பதித்த ஒலிவாங்கிகளும், அவற்றில் விழும் சத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் ஒரு கணினி மூளையும். நீலத் திமிங்கலத்தின் குரல் விழுந்தால் அது தானாக மணி அடிக்கும். மணி அடித்தால் ஒலிவாங்கிகள் பதித்த காப்பு வளையத்துக்குள் இருக்கிற கப்பல்கள் அத்தனையும் ஊர்ந்துதான் போக வேண்டும். நடுவில் எந்த மனிதனும் இல்லை, ஆகவே எவனையும் விலைக்கு வாங்க முடியாது என்பது அதன் பெருமை. செவி வந்த பிறகு, கப்பல் மோதிச் செத்த திமிங்கலம் அந்தப் பக்கம் கரை ஒதுங்கியதே இல்லை.

செண்பகவல்லிக்கு அந்தப் பெருமையிலும் ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்தது. தக்காளிக் கூடையில் மேல் வரிசையை நம்பி வாங்கியதே கிடையாது. கையை அடி வரைக்கும் விட்டுத் துழாவுவாள். பெண் பார்க்க வந்தவரிடம் சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னவள் என்று அவள் ஊரான கோவில்பட்டியில் இன்னும் பேச்சு உண்டு. அவர் காட்டினார், கல்யாணமும் நடந்தது, அது வேறு கதை. திமிங்கலக் காப்பு ஆணையத்தின் சரிபார்ப்பு அதிகாரி வேலைக்கு இதைவிடத் தோதான ஆளை எங்கே போய்த் தேடுவது?

“மணி அடிக்கிறதெல்லாம் பொய்னு மனு போட்டிருக்காங்க செண்பகம்” என்றார் சென்னையிலிருந்து இயக்குநர் கோதண்டபாணி. “ஒரு கேப்டன்கூட திமிங்கலத்தைப் பாக்கலையாம். யாரோ சத்தத்தைப் போட்டு ஏமாத்துறாங்க, வளையத்தையே எடுத்துடுங்கன்னு கேக்குறாங்க. அடுத்த வாரம் விசாரணை.”

“கேப்டன் நிக்கிற உசரத்துக்கு அவருக்குத் தீவே தெரியாது சார்” என்று சொல்லிவிட்டுத்தான் செண்பகவல்லி வேலையை ஆரம்பித்தாள். ஆனால், மணி அடித்த நேரத்துச் சத்தங்களின் படங்களைத் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது அவளுக்கே சுருக்கென்றது. எல்லாம் தையல் மெஷின் போட்ட தையல் மாதிரி ஒரே சீர். நேற்றையதும் போன மாதத்ததும் அச்சு அசலாக ஒன்று. உயிருள்ள எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. யாரோ ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கடலுக்குள் ஓட விடுகிறார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் கப்பல் முதலாளிகள்மேல்கூட இல்லை. திமிங்கலத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவன்மேல். அவனை விசாரணைக்கு முன்னால் பிடிக்காவிட்டால் பொய்யோடு சேர்த்து வளையமும் போகும். வளையம் போனால் அந்த வழியில் மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்சத் திமிங்கலங்களும் கப்பல்களின் அடியில் மாட்டிச் சாகும்.

மீன்பிடி வள்ளங்களில் எல்லாம் இருக்குமிடம் காட்டும் கருவி பொருத்தியிருந்தார்கள். அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். மணி அடித்த ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரே ஒரு வள்ளம். ஆரோக்கிய ஸ்டெல்லா. உரிமையாளர் பெயர் தஸ்நேவிஸ்.

கடற்கரையில் தஸ்நேவிஸ் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதுக்காரன், தலை நரைக்கவில்லை, பேச்சில் மட்டும் உப்பு ஏறியிருந்தது. அவள் யாரென்று தெரிந்ததும் எழுந்திருக்கவில்லை.

“எல்லா வள்ளத்துக்கும் சத்தமில்லாத பேட்டரி மோட்டார் சும்மா குடுத்தோம். கரை முழுக்க மாத்திட்டாங்க. நீங்க மட்டும் ஏன் இந்தப் பழைய டீசல் இன்ஜினை வச்சிருக்கீங்க?”

“எனக்கு அதோட சத்தம் புடிக்கும் மேடம்.”

“சத்தம் புடிக்குமா?”

“சிலருக்குப் பாட்டு புடிக்கும்லா, அது மாதிரி.”

நக்கல். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. “கப்பல் சாலைப் பக்கம் எதுக்கு அடிக்கடி போறீங்க?”

“மீனு அங்கதான இருக்கு. அது நம்மகிட்ட கேட்டுட்டா எடம் மாறுது?”

“அங்க திமிங்கலத்தைப் பாத்திருக்கீங்களா?”

வலையில் ஓடிக்கொண்டிருந்த அவன் விரல்கள் நின்றன. ஒரு கணம்தான். “நான் ஒண்ணும் பாக்கலையே” என்றான்.

“திமிங்கலத்துக்குப் பக்கத்துல போனா லைசென்ஸ் ரத்து. தெரியும்ல?”

“தெரியுமே. அதான் சொல்லுதேன், பாக்கலன்னு.”

பதில் அவ்வளவு சீக்கிரம் வந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஒளிக்கிறான். எதை ஒளிக்கிறான் என்பது மட்டும்தான் பாக்கி. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் அதுவும் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பல் அவன் தம்பியின் வள்ளத்தின்மேல் ஏறிப் போயிருக்கிறது. நின்றுகூடப் பார்க்கவில்லை. பலகைதான் கரைக்கு வந்தது, தம்பி வரவில்லை. கப்பல்களை ஊர வைத்து வேடிக்கை பார்க்க ஒருவனுக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

மறுநாள் ஆட்களோடு வந்து வள்ளத்தைத் தலைகீழாகப் புரட்டாத குறையாகச் சோதனை போட்டாள். ஒலிபெருக்கி கிடைக்கவில்லை. எதையாவது கட்டித் தொங்கவிடத் தோதான நீளக் கயிறு ஒன்று கிடைத்தது. கயிறு இல்லாத வள்ளம் எங்கே இருக்கிறது என்று தஸ்நேவிஸ் கேட்டான். ஒலிபெருக்கியைக் கடலில் போட்டிருப்பீர்கள் என்றாள் அவள். இன்ஜினைச் சுற்றிக் கம்பி கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள்.

அப்போதுதான் அவன் மனைவி ஜெசிந்தா வந்தாள். மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, திருட வந்தவளைப் பார்ப்பது மாதிரி செண்பகவல்லியை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்க கொழுந்தன கப்பல் தின்னுட்டு. மிச்சம் இருக்கத நீங்க திங்க வந்தியளாக்கும்?”

செண்பகவல்லி ஜீப்பில் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஆனாலும் தான் செய்தது சரிதான் என்றே நினைத்தாள்.

சரிதான் என்று கடலும் சொன்னது. அன்றிலிருந்து செவி வாயே திறக்கவில்லை. கப்பல்கள் முழு வேகத்தில் போயின. கோதண்டபாணி போனிலேயே கை குலுக்கினார். “திருடன் மாட்டுனான், சத்தம் நின்னுது! விசாரணையில சொல்லிடலாம், பொய் மணி அடிச்சவனைப் பிடிச்சாச்சு, செவிமேல தப்பில்லன்னு.”

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது திமிங்கலம் கரை ஒதுங்கியது.

தஸ்நேவிஸின் ஊருக்குப் பக்கத்திலேயே, அலை மடிகிற இடத்தில், கவிழ்ந்த வள்ளங்கள் நாலைந்தைச் சேர்த்து வைத்தது போலக் கிடந்தது. முழு வளர்த்தி ஆகாத நீலத் திமிங்கலம். முதுகில் கப்பல் விசிறி வெட்டிய காயங்கள் படிப்படியாக இறங்கியிருந்தன. செண்பகவல்லி மூக்கைப் பொத்தவில்லை. அவளுக்கு வந்த அழுகையை அடக்கிக்கொள்ள உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெரிய உயிர் கப்பல் சாலையைக் கடந்து வந்திருக்கிறது, செவி ஏன் மணி அடிக்கவில்லை?

கூட்டத்திலிருந்து தஸ்நேவிஸ் அவளிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

“இப்ப நிம்மதியா மேடம்? உங்க மெசினு என்ன சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல” என்றாள் அவள்.

“இதோட ஆத்தா கப்பல் போற வழியிலயேதான் சுத்திட்டுக் கெடக்காளாம். முதுகுத் துடுப்புல வெட்டு உள்ளவ, எனக்கு நல்லாத் தெரிஞ்சவ. புள்ள போன எடத்த விட்டு நகர மாட்டேங்காளாம். நேத்து போன பயலுவ பாத்துட்டு வந்து சொன்னானுவ.”

சொல்லிவிட்டு, சொன்னதன் பொருள் உறைத்து வாயை மூடிக்கொண்டான். திமிங்கலத்தைப் பார்த்ததே இல்லை என்றவனுக்கு அதன் துடுப்பில் வெட்டு இருப்பது எப்படித் தெரியும்? செண்பகவல்லி அதைக் கவனித்தாள். ஆனால் இந்த முறை அவளுடைய சந்தேகம் அவன் பக்கம் திரும்பவில்லை. அது அவளை இழுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனது.

துறைமுகத்துக்குப் போன் போட்டாள். அங்கே ஒரு தாய்த் திமிங்கலம் சுற்றுகிறது, கப்பல்களை மெதுவாகப் போகச் சொல்லுங்கள் என்றாள். “மணி அடிக்கலையே மேடம். மணி அடிக்காம நாங்க சொன்னா எங்க வேல போயிடும்” என்று பதில் வந்தது. நடுவில் மனிதன் கிடையாது என்ற பெருமையை அவள் அன்றைக்கு நன்றாக அனுபவித்தாள்.

பிறகு, செவிக்குப் பாடம் கற்பித்த பழைய பதிவுகளைத் தேடி எடுத்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக் குழு ஒன்று இந்தக் கரைக்கு வந்து, ஊர் வள்ளங்களை வாடகைக்கு எடுத்துக் கடலில் பதிவு செய்தவை. ஒரு பாதியில் ‘திமிங்கலம் உண்டு’, மறு பாதியில் ‘திமிங்கலம் இல்லை’. இரண்டையும் காட்டிக் காட்டித்தான் செவிக்கு வித்தியாசம் புரிய வைத்தார்கள். நீலத் திமிங்கலத்தின் குரல் மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது. ஆகவே, அத்தனை பேரும் பதிவுகளைப் படமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். காதில் வைத்துக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

செண்பகவல்லி ஹெட்போனை மாட்டினாள்.

திமிங்கலம் கேட்கவில்லை. டுப், டுப், டுப் என்று நிதானமாக ஓர் இன்ஜின் கேட்டது. அடுத்த பதிவிலும் அதே. அதற்கு அடுத்ததிலும். ‘திமிங்கலம் இல்லை’ என்ற பக்கத்துக்குப் போனாள். அலை, காற்று, எவனோ இருமுவது. இன்ஜின் ஒன்றில்கூட இல்லை.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஜீப்பைக்கூடக் கூப்பிடாமல் ஆட்டோ பிடித்து தஸ்நேவிஸின் வீட்டுக்குப் போனாள்.

ஜெசிந்தா வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. செண்பகவல்லி நின்றபடியே, உள்ளிருந்து எட்டிப் பார்த்த தஸ்நேவிஸிடம் பேசினாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன். சத்தியமா லைசென்ஸ்ல கை வைக்க மாட்டேன். திமிங்கலம் பக்கத்துல வந்தா என்ன செய்விய?”

மேடம் வாயில் கோவில்பட்டிப் பேச்சு வந்ததில் தஸ்நேவிஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். நம்பலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் அவனே சொன்னான்.

“என்ன செய்ய? இன்ஜினை அணைக்க மாட்டோம். கியரை நியூட்டர்ல போட்டு லேசா ஓட விட்டுட்டு ஒதுங்கி நிப்போம். பெரியவருக்கு நாம எங்க நிக்கோம்னு தெரியணும்லா? சத்தமில்லாம நின்னா தெரியாம அடியில வந்து எந்திரிப்பாரு. வள்ளமும் போவும், அவருக்கும் அடி. இந்தக் கரையில எல்லாரும் அப்பிடித்தான். இப்ப பேட்டரி வந்தப்பெறகு எவன்ட்ட சத்தம் இருக்கு? அதான் நான் மாத்தல.”

“பெரியவரு இல்லாத நேரம்?”

“மீன் புடிக்கப்ப எதுக்கு ஓட்டணும்? அணைச்சுருவோம். டீசல் என்ன சும்மாவா கெடைக்கு?”



“அன்னைக்கு ஆராய்ச்சிக்காரங்களைக் கூட்டிட்டுப் போனப்பவும் இப்பிடித்தான செஞ்சிய?”

“பின்ன? அவிய வந்தா மட்டும் பெரியவருக்கு மரியாதை கொறஞ்சுருமா?”

“செவிக்குத் திமிங்கலக் குரலே தெரியாது அண்ணாச்சி. திமிங்கலம் இருக்கறப்ப எல்லாம் உங்க வள்ளங்களோட இன்ஜின் ஓடிச்சு, இல்லாதப்ப ஓடல. அந்த மெசின் எது ஈசியோ அதைப் படிச்சுக்கிட்டு. நியூட்டர்ல ஓடுற டீசல் இன்ஜின்தான் திமிங்கலம்னு மனப்பாடம் பண்ணிட்டு. பரீட்சையும் அதே பதிவுல வச்சாங்க, நூத்துக்கு நூறு வாங்கிட்டு.”

தஸ்நேவிஸுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஜெசிந்தாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

“அப்போ மணி அடிச்சது எல்லாம்…”

“எல்லாம் உண்மை” என்றாள் செண்பகவல்லி. “இவரு பெரியவரைப் பாத்தாத்தான் இன்ஜினை நியூட்டர்ல போடுவாரு. போட்டதும் மணி அடிச்சிருக்கு, கப்பல் ஊர்ந்திருக்கு. ஒரு மணிகூடப் பொய் கெடையாது. நான்தான் வந்து அதை நிறுத்துனேன்.”

அவள் அழுதாள். அதிகாரி என்ற நினைப்பெல்லாம் இல்லாமல் அழுதாள். ஜெசிந்தா ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உள்ள வாங்க” என்றாள். அதில் பிரியம் ஒன்றும் இல்லை. தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற எண்ணம்தான்.

“அந்த ஆத்தாக்காரி இன்னும் அங்கதான நிக்கா?” என்று செண்பகவல்லி கேட்டாள்.

“நிக்கா.”

“கொறடு இருக்கா?”

கம்பியை அவளே வெட்டினாள். தான் குத்தின அரக்கு முத்திரை உடைந்து மணலில் விழுந்தது. வள்ளத்திலிருந்த இருப்பிடக் கருவியைக் கழற்றி ஜெசிந்தாவிடம் கொடுத்தாள். ஜெசிந்தா அதைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: “இப்பிடி ஒரு வேலைய இவரு செஞ்சிருந்தா என்ன கேஸ் போட்டிருப்பிய?”

“ரெண்டு மூணு போட்டிருப்பேன்.”

வெயில் ஏறிய வேளையில் அவர்கள் கப்பல் சாலையை அடைந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தஸ்நேவிஸ் கையை நீட்டினான். நீருக்கு மேலே நீளமாக ஒரு முதுகு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெட்டுப்பட்ட சின்னத் துடுப்பு வந்தது. பெரியவள் மூச்சு விட்டாள். அந்தத் தூவானம் செண்பகவல்லியின் கண்ணாடியில் வந்து விழுந்தது. கிழக்கே ஒரு கப்பல் நேராக வந்துகொண்டிருந்தது.

தஸ்நேவிஸ் கியரை நியூட்டருக்குத் தள்ளினான். டுப், டுப், டுப்.

செவிக்கு இது கேட்குமா? இத்தனை நாள் மூடிக் கிடந்த இன்ஜின், சீர் தவறியிருந்தால்? கப்பலின் முகப்பில் எழுதியிருந்த பெயரை அவளால் படிக்க முடிந்தது. தஸ்நேவிஸ் தம்பியின் பெயரைச் சொல்லி எதையோ முணுமுணுத்தான். கப்பல் குறையவில்லை. பெரியவள் அதன் வழியிலேயே மிதந்தாள்.

பிறகு கப்பலின் முகப்பில் பொங்கிய நுரை மெல்ல அடங்கியது. அவ்வளவு பெரிய மலை, மூச்சை இழுத்துப் பிடித்தது போலத் தயங்கி, ஊர ஆரம்பித்தது. பெரியவள் அவசரமே இல்லாமல் அதற்கு முன்னால் கடந்து போனாள்.

செண்பகவல்லியின் போன் அடித்தது. கோதண்டபாணி.

“செண்பகம், மணி அடிச்சிருக்கு! அந்த ஆளு வள்ளம் சீல்லதானே இருக்கு? கருவி கரையிலதான் காட்டுது.”

அவள் இன்ஜினைக் கையால் பொத்த முடியாதே என்று போனைத்தான் பொத்தினாள். முன்பின் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் பிசிறியது.

“ஆமா சார். சீல்லதான் இருக்கு.”

“அது என்ன சத்தம்?”

“கடற்கரையில இருக்கேன் சார். ஜெனரேட்டர்.”

“அப்போ இது நெசமான திமிங்கலம்!”

“நெசமான திமிங்கலம்தான் சார்” என்றாள். அதைச் சொல்லும்போது குரல் பிசிறவில்லை.

“பிரமாதம்! அந்த ஆளு இல்லாமலே மணி அடிச்சிருக்கு, இதைவிட அத்தாட்சி எதுக்கு? மனு தள்ளுபடி. செவி சரியாத்தான் கேக்குதுன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். இந்தச் செவியை மாத்தணும், புதுசா வாங்கணும்னு ஒருத்தன் இனிமே வாயைத் திறக்க முடியாது.”

அவர் போனை வைத்துவிட்டார்.

“என்ன மேடம், வளையம் தப்பிச்சுட்டா?”

“தப்பிச்சுட்டு.”

“அப்போ புதுச் செவி வார வரைக்கும் நான் சமாளிச்சுக்கிடுதேன். எப்ப வரும்?”

அவள் இன்ஜினைப் பார்த்தாள். துருப் பிடித்த மூடி, கயிறு சுற்றிக் கட்டிய குழாய், அதிரும்போதெல்லாம் சொட்டுகிற எண்ணெய். கரையில் இப்படி ஒன்று இது மட்டும்தான்.

“அண்ணாச்சி, இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்குதா?”

தஸ்நேவிஸ் சிரித்தான். “எங்க? கம்பெனிய மூடியே வருஷக் கணக்காச்சு.”